மின்வண்டி குடிக்கும் நீர்

பெட்ரோலாலும் டீசலாலும் ஓடிய பழைய வண்டிகளின் தாகம் எல்லோர் கண்ணுக்கும் தெரிந்த தாகம். மலைச்சாலையில் முக்கி முனகி ஏறும் பஸ்ஸோ லாரியோ, ரேடியேட்டர் கொதித்து மூடியின் இடுக்கில் ஆவி சீறத் தொடங்கியதும், வளைவோரத்து ஊற்றருகே ஒதுங்கி, கிளீனர் தகர டப்பாவில் மொண்டு வந்து ஊற்றும் ஜலத்தை வாங்கிக்கொண்டு மீண்டும் புறப்படுவது, நடுவயதைக் கடந்த எவருக்கும் ஞாபகமிருக்கக்கூடிய சங்கதி. மின்கலத்தால் ஓடும் வண்டிக்கு இந்த உபாதை இல்லை. அது புகை கக்குவதில்லை, ஓசையின்றிப் போகிறது, இரவில் ஒரு கம்பியைச் செருகிவிட்டால் விடிவதற்குள் தயாராகிவிடுகிறது. ஆதலால் தண்ணீருக்கும் அதற்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை என்று கருதிவிடுவது வெகு சுலபம். அந்தக் கருத்து எவ்வளவு தூரம் வாஸ்தவம் என்பதையும், வண்டி குடிக்காத நீரை வண்டியின் பொருட்டு வேறு எவை, எந்தத் தேசத்தில் குடிக்கின்றன என்பதையும் விசாரிப்பதே இந்த அத்தியாயத்தின் நோக்கம்.

விசாரணைக்கு ஓர் இடம் வேண்டும். போடிநாயக்கனூரிலிருந்து ஏறத்தாழ 15 கிலோமீட்டரில், மலையின் காலடியில் இருக்கும் குரங்கணியை எடுத்துக்கொள்வோம். மூணாற்றுப் பக்கத்தில் மழை கொட்டித் தீர்க்கும் ஆனி, ஆடி மாதங்களில், அதே மலையின் கிழக்குச் சரிவாகிய இந்தப் பக்கத்தில் வானம் மேகமூட்டத்தோடு நின்று, சாரலை மட்டும் தூவிவிட்டுப் போவதைப் பார்த்தவர்கள், மழைமறைவு என்பதற்குப் பூகோள சாஸ்திரப் புத்தகத்தைப் புரட்ட வேண்டியதில்லை. அரபிக்கடலிலிருந்து ஈரத்தைச் சுமந்து வரும் தென்மேற்குக் காற்று, மலைத்தொடரில் மோதி மேலே ஏறும்போது குளிர்ந்து தன் நீராவியை மழையாக இறக்கிவிடுகிறது. சிகரத்தைத் தாண்டிக் கீழ்நோக்கிச் சரியும்போதோ மறுபடி சூடேறி, நீரைக் கொடுப்பதற்குப் பதிலாக நீரை வாங்கிக்கொள்ளும் சுபாவத்தை அடைந்துவிடுகிறது. எனவே போடிப் பிரதேசம் ஐப்பசி, கார்த்திகை மழையையே பெரிதும் நம்பி வாழ்கிறது. மாசி, பங்குனியில் சரிவுகளின் போதைப்புல் எப்படிக் காய்ந்து கிடக்கும் என்பதை, 2018 மார்ச் 11 அன்று மலையேறச் சென்றவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட காட்டுத்தீ நாடறியச் செய்துவிட்டது.

இப்படி நீர் குறைந்தும் ஜனம் குறைந்தும் இருக்கும் இந்தச் சரிவு, போக்குவரத்தின் சரித்திரத்தில் மட்டும் அதிசயிக்கத்தக்க செல்வம் உடையது. மூணாற்றுத் தேயிலையை வெளியே கொண்டுவருவதற்காக 1902-இல் குண்டளைப் பள்ளத்தாக்கு வழியாக, மாடுகள் இழுக்கும் ஒற்றைத் தண்டவாள வண்டி ஒன்று போடப்பட்டது. 1908-இல் அது நீராவி எஞ்சின் ஓடும் இரண்டடி அகல ரயில்பாதையாக மாற்றப்பட்டது. 1,700 மீட்டர் உயரத்தில் அந்தப் பாதை முடிந்த இடத்துக்கு டாப் ஸ்டேஷன் என்ற பெயர் இன்றைக்கும் நிலைத்திருக்கிறது. அங்கிருந்து கம்பிவழியில் தொங்கிக்கொண்டு தேயிலைப் பெட்டிகள் கொட்டகுடிக்கு, அதாவது குரங்கணி அடிவாரத்துக்கு இறங்கின. பின்பு மாட்டுவண்டியில் போடிக்குப் போயின. 1924-ஆம் வருஷத்துப் பெருவெள்ளம் ரயில்பாதையை அழித்துவிட, நான்கே வருஷத்துக்குப் பிறகு, 1928-இல், மதுரையிலிருந்து ரயில் போடிக்கே வந்து சேர்ந்தது. அகலப்பாதையாக்கும் பொருட்டு 2010-இல் நிறுத்தப்பட்ட அந்த ரயில் மறுபடி போடியை எட்ட 2023 ஆகிவிட்டது என்பது வேறு கதை.

இந்த வரிசையில் நீராவி எஞ்சினைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். அது தான் குடித்த நீரைச் சக்கரத்தைச் சுழற்றிய கையோடு புகைபோக்கி வழியாக ஆகாயத்தில் விட்டுவிடும். ஆகவே நிலையத்துக்கு நிலையம் அதற்கு நீர்த்தொட்டி கட்டிவைத்தார்கள். பின்வந்த டீசல் எஞ்சின் அந்தத் தொட்டிகளை அனாவசியமாக்கியது. மின்சாரமோ ஒரு விந்தை செய்தது: நீராவி எஞ்சினை ஒழித்துவிட்டதாக நாம் எண்ணிக்கொண்டிருக்க, அதைப் பல்லாயிரம் மடங்கு பெரிதாக்கி, கண்காணாத ஓரிடத்தில் நிறுத்திவைத்து, அங்கிருந்து கம்பி வழியே வண்டியை இழுக்கச் செய்தது. அனல் மின்நிலையம் என்பது வேறொன்றும் அன்று. ஓரிடத்தில் நின்றபடியே நம் வண்டிகளை இழுக்கும் நீராவி எஞ்சின்தான் அது.

அதன் தாகத்தைக் கணக்கிடுவது கடினமன்று. நிலக்கரியின் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேற்பட்டதே மின்சாரமாகிறது. மிச்சத்தில் ஒரு பகுதி புகையோடு போக, பெரும் பகுதி டர்பைனைச் சுழற்றிவிட்டு வரும் ஆவியோடு குளிர்விப்பானுக்கு வந்து சேர்கிறது. அதைக் களைய, கோபுரங்களில் நீரைத் தெளித்து ஆவியாக்குகிறார்கள். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு இவ்விதம் ஏறக்குறைய இரண்டு லிட்டர் நீர் ஆகாயத்தில் கலந்துவிடும். சாம்பலைக் கரைத்துத் தள்ளுவதற்கும் மற்றக் காரியங்களுக்குமான நீர் இதன் மேற்பட்டது. 2015 டிசம்பரில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம், நன்னீரைக் கோபுரத்தில் குளிர்விக்கும் பழைய நிலையங்கள் யூனிட்டுக்கு 3.5 லிட்டருக்கு மேல் செலவழிக்கலாகாது என்று வரம்பு கட்டிற்று. வரம்பு கட்ட வேண்டியிருந்ததிலிருந்தே, அதற்கு முன் செலவு எந்த லட்சணத்தில் இருந்திருக்கும் என்பது விளங்கும். எண்ணூரும் தூத்துக்குடியும் கடற்கரையில் இருப்பதால் குளிர்விக்க உப்புநீர் போதும். மேட்டூர் நிலையத்துக்கோ காவிரி வேண்டும்.

மின்சார ஸ்கூட்டர் ஒன்று நூறு கிலோமீட்டர் ஓடச் சுமார் மூன்று யூனிட் தேவை. கம்பியிலும் சார்ஜரிலும் வீணாவதைச் சேர்த்தால் நிலையத்தில் மூன்றரை யூனிட்டுக்கு மேல் உற்பத்தியாக வேண்டும். கடலோரத்தில் இல்லாத நிலக்கரி நிலையமாயின், மேற்சொன்ன வரம்பின்படி, அதற்குப் பன்னிரண்டு லிட்டர் நீர். அதே தூரத்துக்குப் பெட்ரோல் ஸ்கூட்டர் இரண்டு லிட்டர் பெட்ரோல் குடிக்கும். ஒரு லிட்டர் எண்ணெயைச் சுத்திகரிக்க ஒன்று முதல் இரண்டரை லிட்டர் நீர் செலவாகிறதெனக் கொண்டால், ஐந்து லிட்டருக்குள் காரியம் முடிந்துவிடுகிறது. எண்ணெயைப் பூமியிலிருந்து எடுக்கும் செலவு இதில் சேரவில்லை. அதைச் சேர்த்தால் வித்தியாசம் குறையக்கூடும். எப்படியாயினும், நன்னீரைக் கொண்டு குளிரூட்டும் நிலக்கரி மின்சாரத்தில் ஓடும் மின்வண்டி, தண்ணீர் விஷயத்தில் பெட்ரோல் வண்டியைவிடச் சிக்கனமானது என்று சொல்ல இடமில்லை. மின்வண்டியின் பிரசாரகர்கள் இந்த எண்ணை உரக்கச் சொல்லி நான் கேட்டதில்லை.

இதைக் கேட்டு மின்வண்டியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிடவும் வேண்டாம். கிணற்றில் நீர் இறைக்கும் ஐந்து குதிரைத்திறன் மோட்டார் ஒன்று நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் ஓடினால் முப்பது யூனிட் ஆகிறது. அந்த மின்சாரத்தில் ஸ்கூட்டர் ஆயிரம் கிலோமீட்டர், அதாவது போடியிலிருந்து சென்னைக்குப் போய்த் திரும்பும் தூரம் ஓடும். தமிழ்நாட்டில் 1990 முதல் விவசாய மோட்டார்களுக்கு மின்சாரம் இலவசம். கிணற்றின் ஆழம் கூடக்கூட மோட்டாரின் பசி கூடுகிறது. மோட்டாரின் பசி தீரத்தீரக் கிணறு ஆழமாகிறது. மின்சாரத்துக்காகச் செலவாகும் நீரும், நீருக்காகச் செலவாகும் மின்சாரமும் ஒன்றையொன்று வளர்க்கும் இந்தச் சங்கிலியில், வண்டி ஒரு சிறு கண்ணிதான். மேலே ஏலத்தோட்டங்களிலும் இதே கதை. நிழலும் ஈரமும் இன்றி வாழாத ஏலச்செடிக்காகப் படுதா விரித்துக் குளம் வெட்டி, மழைநீரைத் தேக்கி, கோடையில் மோட்டார் வைத்து இறைக்கிறார்கள். 2024-ஆம் வருஷத்துக் கோடையில் அந்தக் குளங்களும் வற்றி, இடுக்கிப் பக்கத்துத் தோட்டங்களில் செடிகள் பெருமளவில் கருகிப்போயின.

அந்தத் தோட்டங்களுக்குத் தினமும் விடியுமுன் போடியிலிருந்தும் தேவாரத்திலிருந்தும் கம்பத்திலிருந்தும் ஆட்களை ஏற்றிக்கொண்டு மேடேறும் ஜீப்புகளை மின்சாரத்துக்கு மாற்றினால் என்ன நேரும்? பௌதிகம் இதற்கு மனத்துக்கு இசைந்த விடை தருகிறது. ஆட்களோடு சேர்ந்து இரண்டரை டன் எடையுள்ள ஜீப், போடிமெட்டுச் சாலையின் கொண்டை ஊசி வளைவுகளில் ஆயிரம் மீட்டர் உயரம் ஏற வேண்டுமானால், உராய்வு நீங்கலாக, உயரத்துக்கு மட்டும் ஏறத்தாழ ஏழு யூனிட் சக்தி செலவாகும். சாயங்காலம் அதே ஆட்களை ஏற்றிக்கொண்டு இறங்கும்போது டீசல் ஜீப் அந்தச் சக்தியைப் பெரும்பாலும் பிரேக்கிலும் எஞ்சினிலும் சூடாக்கித் தொலைத்துவிடுகிறது. மின்வண்டியிலோ இறக்கத்தில் மோட்டாரே டைனமோவாகிச் சக்கரத்தைத் தடுத்து, அவ்விதம் தடுத்ததால் பிறந்த மின்சாரத்தைப் பேட்டரிக்குத் திருப்பி அனுப்புகிறது. காற்றும் சாலையும் கேட்கும் பங்கு போக, ஏறச் செலவானதில் பாதியை ஒட்டி மீட்டுவிடலாம். சமவெளியில் இந்த அளவு லாபம் கிடைக்காது; அது மலைச்சாலைக்கு உரியது.

மீதிச் சக்தி எங்கிருந்து வர வேண்டும் என்பதற்கும் இந்தப் பள்ளத்தாக்கே வழி வைத்திருக்கிறது. மழையைக் கேரளத்துச் சரிவில் இறக்கிவிட்டு வறண்டு வரும் அந்தத் தென்மேற்குக் காற்று, மலைத்தொடர் தணிந்த இடங்களில் நெருக்குண்டு, வேகம் பெற்றுப் பாய்கிறது. பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி ஆகிய கணவாய்களோடு கம்பம் பள்ளத்தாக்கும் தமிழ்நாட்டின் காற்றுவழிகளில் ஒன்று. தேனியைச் சுற்றியும் ஆண்டிபட்டிப் பக்கத்திலும் நிற்கும் காற்றாலைகள் அதற்குச் சாட்சி. 1986-இல் தூத்துக்குடியை அடுத்த முள்ளக்காட்டில் சோதனையாகத் தொடங்கிய இந்த முயற்சி, இப்போது மாநிலம் முழுவதும் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. காற்றாலை நீர் குடிப்பதில்லை. எந்தக் காற்று இந்த ஊருக்கு மழையை மறுக்கிறதோ, அதே காற்று நீரில்லா மின்சாரத்தை இந்த ஊருக்கு அளிக்கிறது என்பதை எண்ணும்போது, இயற்கையின் கணக்குப் புத்தகத்தில் ஏதோ ஒரு நியாயம் இருப்பதுபோலத் தோன்றுகிறது. அந்தத் தோற்றம் விஞ்ஞானத்தில் சேராது என்பதும் உண்மை.

இன்னொரு வழி, பெரியாறு. 1895-இல் பென்னிகுயிக் கட்டிமுடித்த அணையிலிருந்து மலையைக் குடைந்து கிழக்கே திருப்பப்பட்ட நீர், லோயர் கேம்பில் குழாய்கள் வழியே விழுந்து டர்பைன்களைச் சுழற்றியபின், முல்லையாறாகக் கம்பம் பள்ளத்தாக்கின் இருபோக வயல்களுக்குப் பாய்கிறது. ஆயிரம் லிட்டர் நீர் 400 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் ஏறத்தாழ ஒரு யூனிட் பிறக்கும். ஆயிரம் லிட்டரா என்று மலைக்க வேண்டாம். அனல் நிலையத்தின் மூன்று லிட்டர் மறைந்துபோகும் நீர், இந்த ஆயிரம் லிட்டரோ ஒரு சொட்டுக் குறையாமல் நாற்றங்காலுக்குப் போகும் நீர். இது தெரியாமல் லிட்டர்களை மட்டும் ஒப்பிட்டுப் பட்டியல் போடுவோர் வாசகரைக் குழப்புகிறார்கள்.

இதுவரை சொன்னது வண்டி ஓடும்போது செலவாகும் நீரைப் பற்றியது. வண்டி பிறக்கும்போதே செலவான நீர் ஒன்று உண்டு. அதைத் தேடித் தென் அமெரிக்காவுக்குப் போக வேண்டும். சிலி தேசத்தில், ஆண்டீஸ் மலையின் மழைமறைவில், கடல்மட்டத்துக்கு 2,300 மீட்டர் உயரத்தில், 3,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் அட்டகாமா உப்புச்சமவெளி கிடக்கிறது. உலகத்தில் மழை மிகக் குறைந்த பிரதேசங்களில் அது ஒன்று. சுற்றிலும் சில ஆயிரம் பேர், ஓடைகளை நம்பிச் சோளமும் கீரையும் பயிரிட்டு வாழ்கிறார்கள். அந்தச் சமவெளியின் அடியில், லித்தியம் கரைந்த உப்புநீர் தேங்கியிருக்கிறது. 1984 முதல் அதை இறைத்து, பிரம்மாண்டமான பாத்திகளில் பரப்பி, ஒரு வருஷத்துக்கு மேல் வெயிலில் காயவிட்டு, லித்தியத்தைத் திரட்டுகிறார்கள். முறை நம் தூத்துக்குடி உப்பளத்து முறைதான். அளவும் விலையும் வேறு.

நம் ஸ்கூட்டரின் பேட்டரியில் ஏறக்குறைய நானூறு கிராம் லித்தியம் இருக்கும். அட்டகாமா உப்புநீரில் லிட்டருக்குச் சுமார் ஒன்றரை கிராம் லித்தியம் உண்டு. பாத்திகளில் பாதிக்குப் பாதி நஷ்டமாகிறதென வைத்துக்கொண்டால், ஒரு ஸ்கூட்டருக்காக ஐந்நூறு லிட்டருக்குச் சற்று மேற்பட்ட உப்புநீர் ஆகாயத்துக்குப் போகிறது. அந்த ஸ்கூட்டர் ஐம்பதாயிரம் கிலோமீட்டர் ஓடுவதற்குள், அது முழுக்க நிலக்கரி மின்சாரத்தில் ஓடினால், அனல் நிலையத்தில் ஆறாயிரம் லிட்டர் நன்னீர் போயிருக்கும். எண்களை மட்டும் பார்த்தால் லித்தியம் அற்பம். ஆனால் அட்டகாமாவின் ஐந்நூறு லிட்டரும் மேட்டூரின் ஐந்நூறு லிட்டரும் ஒன்றல்ல. ஆண்டீஸிலிருந்து நிலத்தடியில் வரும் நன்னீர், உப்புநீரைவிட லேசானதாதலால், சமவெளியின் ஓரத்தில், தெளிந்த மோரின் மேல் நீர் நிற்பதுபோல உப்புநீரின் மேலே ஏறி வந்து குட்டைகளாக நிற்கிறது. பூநாரைகள் மேய்வதும் ஊரார் ஆடு ஓட்டிச் செல்வதும் அந்த ஓரங்களில்தான். நடுவில் உப்புநீரை இறைக்க இறைக்க, இரு நீரும் சந்திக்கும் எல்லை தாழ்கிறது. ‘நாங்கள் எடுப்பது குடிக்கத்தகாத உப்புநீர்தானே’ என்ற சுரங்கத்தாரின் வாதமும், ‘எங்கள் ஊற்று தாழ்கிறதே’ என்ற லிக்கானந்தாய்ப் பூர்வகுடிகளின் முறையீடும் இந்த ஒரு விஷயத்தின் இரு முனைகள். இங்கே நான் பூர்வகுடிகளின் பக்கம். ஊற்று தாழ்ந்தபின் அதை உயர்த்தும் வித்தை எவரிடமும் இல்லை.

மின்வண்டிக்குச் சாதாரண வண்டியைவிடச் செம்பும் அதிகம் வேண்டும். காருக்குக் கார் மூன்று மடங்குக்குக் குறையாது. அந்தச் செம்பில் கணிசமான பகுதியும் அதே பாலைவனத்திலிருந்து வருகிறது. அங்குள்ள எஸ்கொண்டிதா சுரங்கத்துக்காகக் கடல்நீரை நன்னீராக்கி, 3,000 மீட்டருக்கு மேல் குழாயில் ஏற்றுகிறார்கள். ஒவ்வோர் ஆயிரம் லிட்டரையும் அந்த உயரத்துக்குத் தூக்க, உராய்வைக் கழித்தாலும், எட்டு யூனிட் வேண்டும். நம் ஜீப் போடிமெட்டுக்கு ஏறுவதற்கு ஆகும் சக்தியைவிட அது அதிகம்.

இங்கே ஒரு விபரீதம் கவனிக்கத்தக்கது. ஜனநெருக்கம் குறைந்த விசாலமான தேசங்களில், ஊருக்கு ஊர் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் இருப்பதால், மின்வண்டிக்குப் பெரிய பேட்டரி வேண்டியிருக்கிறது; பெரிய பேட்டரிக்கு அதிக லித்தியம்; அந்த லித்தியமோ ஜனநெருக்கம் குறைந்த இன்னொரு வறண்ட தேசத்தின் நீரைக் கேட்கிறது. நாற்பது யூனிட் கொள்ளும் கார் ஒன்றின் பேட்டரிக்கு, மேற்சொன்ன கணக்கின்படி, ஆறாயிரம் லிட்டரை ஒட்டிய உப்புநீர் வற்ற வேண்டும். போடியிலிருந்து தேனி 15 கிலோமீட்டர். குரங்கணியும் ஏறத்தாழ அவ்வளவே. பத்துப் பன்னிரண்டு யூனிட் கொள்ளும் பேட்டரியோடு ஒரு சிறு ஜீப் வந்தால், காலையில் ஒரு மேடு ஏறி, மாலையில் பாதியை மீட்டுக்கொண்டு இறங்கி, இரவில் ஊரிலேயே நிரப்பிக்கொள்ளலாம். நம் நாட்டு வண்டிக் கம்பெனிகள் ‘ஒரே சார்ஜில் ஐந்நூறு கிலோமீட்டர்’ என்று விளம்பரம் செய்வதைப் பார்க்கையில், யாருடைய பிரயாணத்துக்காக இந்த மூட்டையை எல்லோரும் தினமும் சுமக்க வேண்டும் என்று கேட்கத் தோன்றுகிறது.

சூரிய மின்சாரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ராமநாதபுரத்துக் கமுதியில் 2016-இல் 2,500 ஏக்கரில் எழுந்த 648 மெகாவாட் நிலையமும், ராஜஸ்தானத்துப் பத்லாவில் அதைப்போல மூன்று மடங்குக்கு மேற்பட்ட பெரிய பூங்காவும், ஆள் நடமாட்டமும் நீரும் அருகிய இடங்களில் அமைந்தவை. குளிரூட்ட நீர் வேண்டாம். தூசியைக் கழுவத்தான் வேண்டும். அதையும் நீரின்றித் துடைக்கும் இயந்திரங்களைக் கொண்டு செய்வதற்கு, அங்கே நீர் இல்லை என்ற நிர்ப்பந்தமே காரணமாயிற்று.

லித்தியத்துக்கு நம் நாட்டிலேயே இடம் உண்டா என்றால், 2023 பிப்ரவரியில் ஜம்முவின் ரியாசி மாவட்டத்தில் 59 லட்சம் டன் கனிமம் இருக்கக்கூடுமென்று அனுமானித்து அறிவித்தார்கள். ஏலத்துக்கு விட்டபோது எடுக்க முன்வந்தோர் போதவில்லை. இதற்கிடையில், 2024 ஜனவரி 15 அன்று, மத்திய அரசின் பொதுத்துறைக் கூட்டு நிறுவனமான காபில், அர்ஜென்டினாவின் கட்டமார்க்கா மாகாணத்தில் 15,703 ஹெக்டேரில் ஐந்து உப்புநீர்ப் பகுதிகளைத் துழாவும் உரிமையை ஒப்பந்தம் செய்துகொண்டது. ஆண்டீஸின் மறுபக்கத்தில் உள்ள அதுவும் வறண்ட, ஜனம் குறைந்த பீடபூமியே. ஆக, இனி இந்த வியாபாரத்தில் நாம் வாங்குபவர்கள் மட்டுமல்லர், இறைப்பவர்களும் ஆகப்போகிறோம். அந்த நிறுவனம் நம் வரிப்பணத்தில் நடப்பது. எத்தனை லிட்டர் உப்புநீர் இறைத்தோம், எத்தனை லிட்டர் நன்னீர் எடுத்தோம், ஓரத்து ஊற்றுகளின் மட்டம் எவ்வளவு மாறிற்று என்ற மூன்று கணக்குகளையும், இறைக்கத் தொடங்கும் நாளிலிருந்து வருஷந்தோறும் அது பகிரங்கமாக வெளியிட வேண்டும். மின்வண்டி வாங்க நினைக்கும் வாசகர்கள், தங்கள் பார்லிமெண்ட் உறுப்பினரிடம் இந்த ஒரு கோரிக்கையை எழுதி அனுப்பலாம்.